வாரக்கூடைக்குப் பின்னால் பன்னிரண்டு மாத வேலை: பங்குப் பண்ணை எப்படி நடக்கிறது?

நாற்பது குடும்பங்கள் பருவம் தொடங்கும் முன்பே ஒரு பண்ணைக்குப் பணம் கட்டிவிடுகின்றன. அதன் பிறகு வாரம் ஒரு கூடை அவர்களுக்கு வந்து சேரும். கூடையில் என்ன இருக்கும் என்பதை வாங்குபவர் தீர்மானிப்பதில்லை. அந்த வாரம் வயலில் என்ன இருக்கிறதோ அது வரும். விளைச்சல் கூடினால் கூடை நிறையும், மழை அடித்துப் போட்டால் இளைக்கும், கட்டிய பணம் மட்டும் மாறாது. இதை 'சமூக ஆதரவு வேளாண்மை' என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையாத பெயர் என்பதால் இங்கே பங்குப் பண்ணை என்றே சொல்வோம்.

நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நிலத்துக்காரரும் உழுபவரும் விளைச்சலைப் பிரித்துக்கொள்கிறார்கள். இங்கே பங்காளியாக வருபவர் சாப்பிடுகிறவர். விதைக்கும் கூலிக்கும் வட்டிக்கு வாங்க வேண்டிய காசை அவர் முன்பணமாகத் தருகிறார், மழை பொய்த்தால் நட்டத்திலும் ஒரு கை கொடுக்கிறார். காய்கறிச் சந்தா என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது வேறு. மொத்த மார்க்கெட்டில் வாங்கிப் பெட்டியில் அடுக்கி அனுப்பினால் அது வியாபாரம். தப்பில்லை, ஆனால் பங்குப் பண்ணை ஆகாது.

ஜப்பானில் 1970களில் 'தெய்க்கேய்' என்ற பெயரில் விவசாயிகளும் நகரத்துக் குடும்பங்களும் நேரடியாகக் கைகோத்தார்கள். 1971இல் தொடங்கிய இயற்கை வேளாண் சங்கம் ஒன்று அதற்கு முதுகெலும்பாக இருந்தது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் இந்த முறையில் இறங்கின: மாசசூசெட்ஸில் இந்தியன் லைன், நியூ ஹாம்ப்ஷையரில் டெம்பிள்-வில்டன். டெம்பிள்-வில்டனில் கூடைக்கு விலையே கிடையாது. வருடச் செலவுக் கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்லும், மொத்தம் எட்டாவிட்டால் மறுசுற்று. நம் பக்கத்தில் ஆரோவில் பண்ணைகளில் வாரக்கூடை முறை உண்டு.

இனி உள்ளே போவோம். எடுத்துக்காட்டுக்கு, செங்கல்பட்டு, திருவண்ணாமலைப் பக்கத்துச் செம்மண்ணில் கிணற்றுப் பாசனத்தோடு 5 ஏக்கர் வைத்துக்கொள்வோம்.

பணமும் நிலமும்

பங்குத் தொகையைச் சந்தை விலையிலிருந்து போடக் கூடாது, செலவிலிருந்து போட வேண்டும். மாதிரிக் கணக்கு இப்படி இருக்கும்: நான்கு பேர், மாதம் 26 நாள், சராசரி 450 ரூபாய் கூலி என்றால் வருடத்துக்குச் சுமார் 5.6 லட்சம். பண்ணை நடத்துபவரின் சம்பளம் மாதம் 15,000 வீதம் 1.8 லட்சம். வண்டி, டீசல் 70,000. தீவனம், தடுப்பூசி 60,000. வேலி, குழாய், மோட்டார் பழுது 50,000. விதை, இடுபொருள் 40,000. மொத்தம் 9.6 லட்சம். நாற்பதால் வகுத்தால் குடும்பத்துக்கு 24,000. வருடத்துக்கு 48 கூடை என்றால் கூடைக்கு 500 ரூபாய். நான்கு வாரம் விடுமுறை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் வரி, பண்ணை நடத்துபவரின் சம்பளம். 'மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்வோம்' என்று தொடங்கினால் இரண்டாம் வருடக் கடைசியில் பண்ணை நிற்கும். நிலம் நன்றாக இருக்கும், ஆள் ஓய்ந்திருப்பார்.

நிலத்தைப் பிரிப்பது: காய்கறிக்கு 1 ஏக்கர், அதைப் பத்துப் பத்து சென்ட்டாகப் பிரித்துப் பத்துத் துண்டு. நெல் 1 ஏக்கர். நிலக்கடலை, கம்பு, துவரை மாறி மாறி வர ஒன்றரை ஏக்கர். தீவனப்புல், அகத்தி, வேலிமசாலுக்கு அரை ஏக்கர். தென்னை, வாழை, முருங்கை அரை ஏக்கர். கொட்டகை, எருக்குழி, பண்ணைக்குட்டை, நாற்றங்கால் சேர்த்து மீதி அரை ஏக்கர். தீவனத்துக்கு அரை ஏக்கரா என்று கேட்பவர்கள், வைகாசியில் வைக்கோல் விலை விசாரித்த பிறகு கேட்க மாட்டார்கள்.

சாப்பிடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

சந்தைக்கு விளைவிப்பவர், காய் எல்லாம் ஒன்றாக வந்தால் மகிழ்வார், ஒரே லோடு. பங்குப் பண்ணையில் அதுவே தலைவலி. இங்கே ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டும். வெண்டையை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

குடும்பத்துக்கு அரைக் கிலோ, நாற்பது குடும்பம், வாரம் 20 கிலோ. விதைத்த 45ஆம் நாள் முதல் பறிப்பு, 90ஆம் நாளோடு செடி ஓய்ந்துவிடும். பறிப்புக் காலம் ஆறு வாரம். 45 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சென்ட்டுக்கு 300 செடி பிடிக்கும். நல்ல பராமரிப்பில் செடிக்கு 200 கிராம் கிடைக்கலாம், திட்டம் போடும்போது அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அப்படியானால் சென்ட்டுக்கு 30 கிலோ, வாரத்துக்கு 5 கிலோ. 20 கிலோவுக்கு 4 சென்ட் வேண்டும். மஞ்சள் நரம்புத் தேமல், காய்ப்புழு, மயில் எல்லாவற்றையும் நினைத்து 6 சென்ட் போடுவது புத்திசாலித்தனம்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். ஆறு சென்ட்டையும் ஒரே நாளில் விதைத்தால் முதல் வாரம் 8 கிலோ வரும், மூன்றாம் நான்காம் வாரம் 40 கிலோ வரும், ஆறாம் வாரம் மறுபடி இளைக்கும். வெண்டை காத்திருக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகும், முற்றிய காய் செடியில் நின்றால் புதுப் பூ குறையும். ஆகவே மூன்று சென்ட் இன்று, மூன்று சென்ட் மூன்று வாரம் கழித்து, அதன் பிறகும் மூன்று வாரத்துக்கு ஒரு துண்டு. ஒன்று இறங்கும்போது அடுத்தது ஏறும்.

கீரைக்கு இதே கணக்கு எளிது. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பிடுங்குகிற பயிர். வாரம் ஒரு சென்ட், 10 முதல் 15 கிராம் விதை, மணலோடு கலந்து தூவ வேண்டும். நான்கு சென்ட்டைச் சுற்றிச் சுற்றி விதைத்தால் வருடம் முழுக்கக் கட்டு குறையாது. கத்திரி நீளமான கதை: நாற்றங்காலில் 30 முதல் 35 நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு 60 நாள். பொங்கல் வாரக் கூடையில் கத்திரிக்காய் வேண்டுமென்றால் கார்த்திகை பிறப்பதற்குள் நட்டிருக்க வேண்டும். அப்போது பெருமழை. அதனால் புரட்டாசிக் கடைசியிலேயே நட்டு வேர் பிடிக்க வைக்க வேண்டும், நாற்று ஆவணியிலேயே விட்டிருக்க வேண்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இப்படிப் பின்னோக்கிக் குறித்துவைப்பதுதான் பண்ணை நடத்துபவரின் முக்கால்வாசி மூளை வேலை.

ஆடியிலிருந்து ஆனி வரை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆனால் நிலக்கடலைக்கு அந்தத் தேதி சில வருடம் கழுத்தை அறுக்கும். 105 நாள் ரகத்தை ஆடிப் பதினெட்டில் போட்டால் ஐப்பசிக் கடைசியில் பிடுங்க வேண்டி வரும். அப்போது வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் (முளைக்காமல் காத்திருக்கும் காலம்) கிடையாது, ஈர மண்ணில் காயிலேயே முளைத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் ஆனி நடுவிலேயே விதைத்துப் புரட்டாசிக் கடைசியில் பிடுங்கிக் காய வைத்துவிடலாம். மானாவாரிக்காரருக்கு அந்த வசதி இல்லை, மழை வரும்போதுதான் அவருக்குப் பட்டம்.

ஆடியில் சுரை, புடலை, பாகல், பீர்க்கு, அவரை, பூசணி எல்லாம் குழி விதைப்பு. குழிக்கு இரண்டு கூடை மட்கிய எரு, நான்கைந்து விதை, முளைத்த பின் தெம்பானது இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். விதைப்புக்கு முன்னால் விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து நிழலில் உலர்த்தினால் நாற்றழுகல் வெகுவாகக் குறையும்.

நெல்லையும் பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். கிச்சிலிச் சம்பா சுமார் 140 நாள். ஆவணி கடைசியில் நாற்று விட்டால் தை கடைசி வாக்கில் அறுப்பு, பூக்கும் நேரம் மார்கழி. ஆடியிலேயே அவசரப்பட்டு நாற்று விட்டால் பூக்கும் பருவம் கார்த்திகை அடைமழையில் மாட்டும், மகரந்தம் கரைந்து கதிரில் பதர் கூடும். பாரம்பரிய ரகத்தில் ஏக்கருக்கு 16 மூட்டை, அதாவது 1,200 கிலோ நெல் வந்தால் அரைத்துச் சுமார் 750 கிலோ அரிசி கிடைக்கும். நாற்பது குடும்பத்துக்குப் பிரித்தால் தலா 18 கிலோவுக்கும் சற்று மேல். வருடத்துக்கு! 'எங்கள் அரிசி முழுக்கப் பண்ணையிலிருந்து' என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் இந்த முறையின் உண்மையான சோதனை. தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது, அதுவும் பத்துப் பதினைந்து நாளில் கொட்டித் தீர்த்துவிடும். தக்காளி அழுகும். கீரை விதை அடித்துக்கொண்டு போகும். கொடிக் காய்களில் பூ உதிரும். பங்குதாரர்கள் விலகுவதும் இந்த மாதங்களில்தான். இதைச் சமாளிக்க ஐப்பசியில் எதுவும் செய்ய முடியாது, சித்திரையிலேயே செய்திருக்க வேண்டும். சேனையும் சேப்பங்கிழங்கும் சித்திரை, வைகாசியில் நட்டவை. மரவள்ளி அதற்கும் முன்னால் நட்டது, ஒன்பது பத்து மாதப் பயிர். ஆடியில் போட்ட பூசணியைக் காம்போடு அறுத்துப் பரணில் இடைவெளி விட்டு அடுக்கினால் இரண்டு மாதம் தாராளமாக நிற்கும். காம்பு உடைந்த காயை முதல் வாரமே அனுப்பிவிட வேண்டும், அழுகல் அங்கிருந்துதான் இறங்கும்.

ஆக, கார்த்திகைக் கூடை ஒன்று இப்படி இருக்கும்: சேனை ஒரு கிலோ, பூசணிக் கீற்று, வாழைப்பூ அல்லது தண்டு, பப்பாளிக்காய், தேங்காய் இரண்டு, மேட்டுப்பாத்தியில் தப்பிப் பிழைத்த பசலை அல்லது பொன்னாங்கண்ணி ஒரு கட்டு, கோடையில் உலர்த்திய மணத்தக்காளி வற்றல் 50 கிராம், தட்டப்பயறு கால் கிலோ. பார்ப்பதற்கு அழகான கூடை இல்லை. ஆனால் ஒரு வாரச் சமையல் அதில் நடக்கும்.

மேட்டுப்பாத்தி என்றால் ஓர் அடி உயரம், மூன்றரை அடி அகலம். இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்தியை மிதிக்கவே கூடாது. இடையிலுள்ள வாய்க்கால் குட்டையில் போய் முடிய வேண்டும். புரட்டாசியிலேயே வடிகால் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மார்கழியில் பனி, அதோடு அவரையிலும் மொச்சையிலும் அசுவினி. வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பு, இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் பலன் போய்விடும். தையிலும் மாசியிலும் கூடை நிரம்பி வழியும்: அவரை, முள்ளங்கி, கத்திரி, தக்காளி, கீரையில் எட்டு வகை. புதுப் பண்ணைக்காரர் இந்த நேரத்தில்தான் 'இன்னும் இருபது குடும்பம் சேர்க்கலாம்' என்று நினைப்பார். சேர்க்கக் கூடாது. எத்தனை குடும்பம் என்பதைக் கார்த்திகையையும் வைகாசியையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். தையில் மிஞ்சுவது வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் கன்றுகாலிக்கும் போகட்டும்.

பங்குனிக்குப் பின் முருங்கை கைகொடுக்கும், மாங்காய் வரும். பந்தலில் புடலையும் பாகலும் நிழல் செய்துகொண்டு காய்க்கும். கிணறு இறங்க இறங்கப் பத்துத் துண்டில் நான்குக்கு மட்டும் தண்ணீர் விடலாம். மற்ற ஆறில் கோடை உழவு, பிறகு கோடை மழை ஈரத்தில் மண்ணுக்கு உரமாகப் பலதானிய விதைப்பு. சோளம், கம்பு, உளுந்து, தட்டப்பயறு, எள், ஆமணக்கு, தக்கைப்பூண்டு, சணப்பு, கொஞ்சம் கடுகும் மல்லியும் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ. 45 முதல் 50 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். பாவம் பார்த்துக் காய்க்க விட்டால் தண்டு நாராகி மட்க மாதக்கணக்கில் ஆகும்.

மாடும் ஆடும் கோழியும்

கலப்புப் பண்ணை என்றதும் முட்டையும் பாலும் நினைவுக்கு வரும். நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும், நடுவில் அடைக்கு உட்கார்ந்துவிடும். 60 கோழி இருந்தாலும் வாரத்துக்கு 80 முட்டை, அதாவது குடும்பத்துக்கு இரண்டு. மூன்று நாட்டு மாட்டுப் பாலை, கன்றுக்கு விட்டது போக, நாற்பது வீட்டுக்குப் பிரிக்க முடியாது. கால்நடையின் முக்கிய விளைச்சல் சாணம்.

அதிலும் கணக்கு உண்டு. ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணம் போட்டால் மூன்று மாட்டுக்கு வருடத்தில் சுமார் 11 டன். மட்கி வற்றிய பிறகு 5 டன் தேறும். தொழுவுரப் பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன், ஏக்கருக்கு 5 டன். மூன்று மாடு ஒரு ஏக்கரைத்தான் காப்பாற்றும்! அதைக் காய்கறிக்குக் கொடுத்துவிட்டு நெல்லுக்குப் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ, கடலைக் காட்டுக்குக் கோடையில் ஆட்டுக்கிடை (இரவில் ஆட்டு மந்தையை வயலில் அடைப்பது) என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கிடை போட வருபவரிடம் தை மாதமே பேசி வைத்தால்தான் வைகாசியில் ஆடு வரும். கிடை எடுத்த மறுநாளே மேலாக உழுதுவிட வேண்டும், புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் காய்ந்தால் சத்து காற்றோடு போகும்.

எருவில் அடிக்கடி நடக்கும் தவறு, அரைகுறையாக மட்கியதை வயலில் கொட்டுவது. அதில் வெள்ளைப்புழு இருக்கும், வேரைக் கடித்துவிடும். கூடவே மாடு தின்ற களைவிதையும் வரும். கையில் எடுத்தால் சாண வாடை போய் மண்வாசம் வர வேண்டும், அதுவரை குழியிலேயே இருக்கட்டும்.

தடுப்பூசியும் பருவத்தோடு ஒட்டியதே. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வெயில் காலத்தில் கூட்டத்தையே காலி செய்யும். குஞ்சுக்கு 7ஆம் நாள் முதல் சொட்டு, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் ஊசி. ஆட்டுக்குத் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கான ஊசி மழைக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். புதுப்புல்லை ஒரே மூச்சில் மேய்ந்துவிட்டு இரவில் செத்துக் கிடக்கும் ஆடுகளில் பல, அந்த ஊசியைத் தவறவிட்டவை.

கூடை நாள்

முந்தின நாள் மாலையே பூசணி, சுரை, கிழங்கு, தேங்காய் எடுத்துவைத்துவிடலாம். வெண்டை, பாகல், கீரை எல்லாம் விடியற்காலைதான். கீரையை வேரின் மண்ணை உதறி, நிழலில் வைத்து, ஈரச்சாக்கில் சுற்ற வேண்டும். தண்ணீரில் முக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டால் பத்து மணிக்குள் வெந்ததுபோல் ஆகிவிடும். தக்காளியை நிறம் திரும்பும்போதே பறிப்பது நல்லது, கூடையின் அடியில் நசுங்காது.

எடை போடும் முறையில் ரகசியம் எதுவும் இல்லை. 26 கிலோ கத்திரி வந்தால் தலா 650 கிராம். ஆனால் புடலை பன்னிரண்டே பன்னிரண்டு வந்தால்? முறை வைத்துக் கொடுக்க வேண்டும், இந்த வாரம் 1 முதல் 12, அடுத்த வாரம் 13இலிருந்து. நோட்டில் எழுதாமல் நினைவில் வைத்தால் மூன்றாவது வாரம் சண்டை வரும். கூடை எடுக்கும் இடத்தில் ஒரு மாற்றுக்கூடை வைப்பது நல்ல பழக்கம். பாகற்காய் வேண்டாதவர் அதில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார். சாயங்காலம் அதில் மிஞ்சிக் கிடப்பது எது என்று பார்த்தால் அடுத்த பட்டத்தில் எதைக் குறைப்பது என்று தெரியும்.

தொடங்க நினைப்பவர் பத்துக் குடும்பம், கால் ஏக்கர் காய்கறி, ஒரு மாடு, ஆறு மாதப் பங்கு என்று ஆரம்பிக்கலாம். அந்த ஆறு மாதம் தையில் தொடங்கக் கூடாது, ஆவணியில் தொடங்கினால்தான் மழைக்காலம் உள்ளே விழும். பங்கு சேர நினைப்பவர் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'போன கார்த்திகையில் கூடையில் என்ன போட்டீர்கள்?' நோட்டைத் திறந்து தேதி வாரியாகச் சேனை, தண்டு, வற்றல் என்று வாசித்துக் காட்டுகிற பண்ணையில் தயங்காமல் சேரலாம்.